கட்டுக்கோப்பு வீடு: மாடுலருக்கும் ப்ரீஃபேபுக்கும் நம்மிடம் இருக்கிற சொல்

கொடைக்கானல் அருகே மலையில் இருக்கிற தாண்டிக்குடிப் பக்கம் சரிவான ஒரு நிலத்தில் என் சித்தப்பா மகன் வீடு கட்டப் போகிறான். வரைபடத்தோடு காரைக்குடிக்கு வந்த வடிவமைப்பாளர் எங்கள் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து, “இது ப்ரீஃபேப் மாடுலர் ஹவுஸ், மொத்தம் மூணு மாடுல்” என்று விளக்கிக்கொண்டிருந்தார். பாகங்களை முன்பே வெளியே செய்து கொண்டுவந்து பொருத்துவது ப்ரீஃபேப், வீட்டைத் தனித்தனிப் பகுதிகளாகச் செய்து சேர்ப்பது மாடுலர், அந்தப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு மாடுல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா கடைசியில், “எத்தனை கட்டு வீடு தம்பி?” என்று மட்டும் கேட்டார். வடிவமைப்பாளருக்குப் புரியவில்லை, எங்களைப் பார்த்தார். ஆனால் பதிலை அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மூன்று மாடுல் என்றால் மூன்று கட்டு.

முதலில் மாடுலர். லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு, ‘மோடுலுஸ்’ என்றால் சின்ன அளவு. கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், தூணின் தடிமனை அடிப்படையாக வைத்துக் கோயிலின் மற்ற உறுப்புகளை அதன் மடங்குகளாகக் கணக்கிட்டபோது, அந்த அடிப்படை அளவுக்குச் சொன்ன பெயர் இது. நம் சிற்பிகளிடம் இதற்கு நிகரானது தாளம். முகத்தின் நீளம் ஒரு தாளம், உருவம் முழுவதும் ஒன்பது தாளம் அல்லது பத்துத் தாளம் என்று கணக்கு ஓடும். ஆக, சொல்லின் முதற்பொருள் அளவுதான். ஒரே அளவில் செய்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதால், அளவைக் குறித்த சொல் போகப்போகத் துண்டையே குறிக்க ஆரம்பித்தது. ஊருக்கு ஊர் ‘மாடுலர் கிச்சன்’ என்று பலகை தொங்குகிறதே, அது இந்த இரண்டாவது பொருள்.

தமிழில் இதற்குக் கூறு, அலகு, தொகுதி என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இவற்றில் எதுவும் ஒட்டவில்லை. அலகு அளவோடு நின்றுவிடுகிறது. தொகுதி என்றதும் தேர்தல் ஞாபகம் வருகிறது. கூறு என்றால் முழுசாக இருந்ததை வெட்டிப் பிரித்தது. கூறு போட்டு விற்கிறோம், சொத்தைக் கூறு போடுகிறோம். மாடுல் அப்படி இல்லை, அது சேர்ப்பதற்காகவே செய்த பகுதி.

அதைத்தான் செட்டிநாட்டு வீட்டில் கட்டு என்கிறோம். முகப்பைத் தாண்டினால் நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, அதைத் தாண்டினால் இரண்டாம் கட்டு, பிறகு அடுப்படி இருக்கிற மூன்றாம் கட்டு. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். ஒவ்வொரு கட்டும் தன்னளவில் முழுமையானது, தனக்கென்று வெளிச்சமும் காற்றும் வாங்கிக்கொள்ளும், ஆனாலும் அடுத்த கட்டோடு ஒரே நேர்கோட்டில் நிற்கும். வாசலில் நின்று பார்த்தால் கடைசிக் கதவு வரை கண் போகும். வளவைச் சுற்றியுள்ள அறைகளையும் பாருங்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. வேறு வைத்த பிறகு, அதாவது தனிக் குடித்தனமாகப் பிரித்துவிட்ட பிறகு, சமையலும் தனித்தனி, கூரை மட்டும் ஒன்று. குடும்பத்தின் கணக்கும் கட்டடத்தின் கணக்கும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. மாடுலர் குடும்ப வீடு என்று இன்று புதிதாகச் சொல்வதன் உள்ளே இருக்கிற யோசனை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டு என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் பிணைத்தல். மூங்கிலையும் கீற்றையும் கயிற்றால் பிணைத்துக் குடிசை போட்டவர்களின் சொல் அது, செங்கல்லும் சுண்ணாம்பும் வந்த பிறகும் வீடு ‘கட்டுகிறோம்’.

அடுத்தது ப்ரீஃபேப். ‘ப்ரே’ என்றால் முன்பு, ‘ஃபாபெர்’ என்றால் கைவினைஞர், கொல்லர், தச்சர். அந்த ஃபாபெரின் பட்டறை ‘ஃபாப்ரிகா’, துணியைக் குறிக்கும் ஃபேப்ரிக்கும் அதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் ஃபேப்ரிகேட் என்பதற்குப் பொய்யை ஜோடிப்பது என்றும் பொருள் உண்டு, நம் கட்டுக்கதையைப் போலவே. இரண்டு மொழிக்காரர்களும் பொய்யை ஒரு கட்டுமானமாகவே பார்த்திருக்கிறார்கள்!

1851-இல் லண்டன் ஹைடு பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த பளிங்கு மாளிகை (கிரிஸ்டல் பேலஸ்) இந்த முறைக்குப் பெரிய விளம்பரம். ஒரே அளவு இரும்புச் சட்டங்களும் கண்ணாடிகளும் வெளியே தயாராகி வந்து அங்கே பூட்டப்பட்டன, பிறகு கழற்றி வேறு இடத்தில் மறுபடி நிறுத்தவும் முடிந்தது. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை முன்பே வார்த்த கான்கிரீட் பாகங்களால் எழுப்பியது நம் காலத்து உதாரணம். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது வேறு. பிள்ளையார்பட்டியில் பிறந்த வை. கணபதி ஸ்தபதி கன்னியாகுமரியில் நிறுத்திய 133 அடி வள்ளுவர் சிலை, கரையிலும் அம்பாசமுத்திரம், சங்கராபுரம் பட்டறைகளிலும் செதுக்கிய கற்களைக் கடல் நடுப் பாறைக்குக் கொண்டுபோய்க் கோத்து எழுப்பியது. எளிதில் போய் வேலை செய்ய முடியாத இடத்துக்கு வேலையை வெளியே முடித்து எடுத்துப் போவதுதான் இந்த முறையின் சாரம்.

இதற்கு ‘ஆயத்த வீடு’ என்று சொல்கிறார்கள், ஆயத்த ஆடை மாதிரி. இதுதான் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. ஆயத்த ஆடை கடையில் தொங்கும், எடுத்து மாட்டிக்கொள்ளலாம். சரிவு நிலத்து வீடு அப்படி எடுத்து மாட்டுவது இல்லை. மூன்றடிக்கு ஓரடி இறங்கும் நிலம் என்று வையுங்கள், 30 அடி நீள வீட்டுக்குள் நிலம் 10 அடி இறங்கிவிடும், அதாவது ஒரு மாடி உயரம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பிச் சமதளம் ஆக்கலாம்தான், ஆனால் நிரப்பிய மண் இறங்கும், வெட்டிய பக்கம் மழையில் சரியும், இரண்டுக்கும் தடுப்புச் சுவர் எழுப்பவே பணம் கரையும். அதனால் மண்ணைப் பரிசோதித்து, கெட்டியான அடுக்கு வரை தோண்டித் தூண்களை மட்டும் ஊன்றுவார்கள்; ஒவ்வொரு தூணும் வேறு வேறு உயரம், மேலே மட்டம் மட்டும் ஒன்று. மழைத்தண்ணீர் வீட்டுக்கு அடியில் தன் வழியில் ஓடும். பாகம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைச் சாலைதான் முடிவு செய்யும். லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி, அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. முழு அறையைப் பெட்டியாகக் கொண்டுவர முடியாத இடத்துக்குச் சுவரையும் தரையையும் பலகைகளாக ஏற்றிப்போய் அங்கே கோக்க வேண்டும். கிரேன் நிற்க ஒரு துண்டு சமதரையும் வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு நிலத்துக்காகவே யோசித்துச் செய்தது, ஆயத்தம் என்றால் இந்த உழைப்பு மறைந்துபோகிறது.

நான் கோப்பு என்ற சொல்லை எடுக்கிறேன். கோத்தல் என்பதிலிருந்து வந்தது. (கோர்த்தல் என்றுதான் பலரும் எழுதுகிறோம், கோத்தல்தான் சரி.) அலுவலகக் கோப்பு நூலில் கோத்த தாள், கூரையின் மரச்சட்டங்களை ஒன்றோடொன்று செருகிப் பூட்டினால் மேற்கோப்பு. கோத்ததைப் பிரிக்கவும் முடியும். இங்கே பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் வீட்டைப் பிரித்து விற்கும்போது, பர்மா தேக்குத் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். எனக்கு அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். ஆனால் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், இடிக்கப்பட்ட வீட்டின் பாகங்களை வாங்கிப்போய்ச் செட்டிநாட்டு வீடாக மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டும் கோப்பும் சேர்ந்தால் கட்டுக்கோப்பு. குலையாமல் ஒன்றையொன்று பிடித்து நிற்பதற்கு, கட்டுக்கோப்பான குடும்பம் என்று நாம் தினமும் சொல்கிற அதே சொல். ப்ரீஃபேப் மாடுலர் வீட்டுக்குக் கட்டுக்கோப்பு வீடு என்பதே என் பரிந்துரை. ‘முன்கட்டு வீடு’ என்று யாராவது மொழிபெயர்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், முன்கட்டு என்றால் வீட்டின் முன்பகுதி என்று ஏற்கெனவே பொருள் இருக்கிறது.

வடிவமைப்பாளர் அடுத்த முறை கொண்டுவந்த வரைபடத்தில் எழுத்துகளை மாற்றியிருந்தார். சரிவில் முன்னும் பின்னும் இல்லை, மேலும் கீழும்தான், அதனால் மேல்கட்டு, நடுக்கட்டு, கீழ்க்கட்டு. சாலை மட்டத்தில் இருக்கிற மேல்கட்டில் வாசலும் அடுப்படியும், படி இறங்கத் தேவையில்லாத ஓர் அறையும். அந்த அறையில் விரல் வைத்து, “இது எனக்கா?” என்றார் அப்பத்தா.