கியாரண்டர் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து அல்ல

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மச்சான்" என்று லோன் ஃபாரத்தை நீட்டுகிறவர் பெரும்பாலும் சொந்தக்காரராகத்தான் இருப்பார். சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்குப் பணப் பொறுப்பு கிடையாது. கியாரண்டருக்கு, அதாவது கடனுக்கு ஜாமீன் நிற்பவருக்கு, உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதாதவரை, கடன் வாங்கியவர் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "முதலில் அவரிடம் வசூலியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்ற வாதம் எடுபடாது. பேங்க் ஆஃப் பீகார் - தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சிக்கல் அதிகம் வருவது தொழில் கடன்களில், குறிப்பாக, லிமிட்டுக்குள் வேண்டும்போது எடுத்து, திரும்பக் கட்டும் கேஷ் கிரெடிட்டில். 10 லட்சம் லிமிட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்; இரண்டு வருடத்தில் அது 25 லட்சமாகியிருக்கும். உங்கள் சம்மதமில்லாமல் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிந்தைய வரவு செலவுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்கிறது 133ஆம் பிரிவு. ஆனால் அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கும் வரி பல வங்கிகளின் அச்சடித்த ஃபாரத்தில் உண்டு. பொடி எழுத்தில் தேட வேண்டியது அதைத்தான். உச்சவரம்புத் தொகையை எண்ணிலும் எழுத்திலும் நிரப்பச் சொல்லுங்கள். காலி இடம் இருக்கும் தாளில் கையெழுத்து வேண்டாம். போட்டதன் நகல் கட்டாயம் வேண்டும்.

அதே வங்கியில் உங்கள் எஃப்டி இருந்தால், பாக்கிக்கு அதை வரவு வைத்துக்கொள்ளும் உரிமையும் அந்த ஃபாரத்திலேயே இருக்கலாம். கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது அதைப் பற்றிக் கேள்வி வரும்.

கம்பெனி டைரக்டர்கள் பலர் ராஜினாமா செய்ததும் விடுபட்டோம் என்று நினைக்கிறார்கள். பதவி போனாலும், தனிப்பட்ட முறையில் கொடுத்த கியாரண்டி போகாது. வங்கி எழுத்துமூலம் விடுவிக்க வேண்டும். தொடர் கியாரண்டி (ஒரே கடனுக்கு அல்லாமல், அடுத்தடுத்து எடுக்கும் பணத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது) என்றால், 130ஆம் பிரிவின்படி, இனி எடுக்கும் பணத்துக்குப் பொறுப்பில்லை என்று நோட்டீஸ் கொடுக்கலாம். ஒப்புகையோடு அனுப்புங்கள். அதற்கு முன் எடுத்த பாக்கி உங்கள் தலையில்தான். மொத்தமாகக் கைக்கு வந்துவிட்ட டெர்ம் லோனுக்கு இந்த நோட்டீஸால் பெரிய பயன் இல்லை.

கட்டத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், பணத்தைக் கடன் வாங்கியவர் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லாதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து நேராக லோன் கணக்குக்குச் செலுத்தி, "ஜாமீன்தாரராகச் செலுத்தியது" என்று ரசீது வாங்குங்கள். பாக்கி முழுவதும் தீர்ந்தால் வங்கிக்கு இருந்த உரிமை 140ஆம் பிரிவின்படி உங்களுக்கு வரும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு அவர்மேல் வழக்குப் போட அந்த ரசீதுதான் முக்கிய ஆதாரம்.