இரண்டு விரலுக்கு எவ்வளவு? வேலையில் காயம்பட்டால் இழப்பீட்டுக் கணக்கு

தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் சிக்கி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரி செலவை ஓனர் பார்த்துக்கொள்கிறார். டிஸ்சார்ஜ் அன்று ஐம்பதாயிரம் ரூபாயும் ஒரு பேப்பரும் வருகின்றன. வலது கையில் கட்டு. இடது கையால் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. சிறு பட்டறைகளில் விஷயம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. சட்டப்படி வரவேண்டியதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரியும்.

1923 முதல் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. கணக்கிடும் முறை பழையதுதான். இ.எஸ்.ஐ. எனும் அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு மருத்துவ வாரியம் சொல்லும் சதவீதப்படி மாதாமாதம் இ.எஸ்.ஐ.யே பணம் தரும். கீழே உள்ளது இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கான கணக்கு.

நம் ஆளுக்கு வயது 30, சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு 15,000. இன்றைய கூலிக்கு இது ரொம்பக் குறைவு என்பது என் கருத்து. அந்த 15,000-இல் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் காரணி 207.98. இரண்டையும் பெருக்கினால் 18,71,820 ரூபாய். நிரந்தரமாக, முழுவதுமாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு இந்தத் தொகை. இறந்துபோனால் 60க்குப் பதில் 50 சதவீதம். வயது கூடக் கூடக் காரணி குறையும். ஐம்பது வயதில் அது 153.09.

ஒரு கையில் இரண்டு விரல் போனால் அட்டவணைப்படி 20 சதவீத இழப்பு. ஆக, 3,74,364 ரூபாய். கட்டைவிரல் என்றால் 30 சதவீதம், 5,61,546. ஐம்பதாயிரம் எங்கே, இது எங்கே!

இந்த 20 சதவீதத்தோடு கணக்கு முடிந்துவிடாது. சட்டம் அளப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. ஒடிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் வேலை செய்தபோது ஒரு தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, அதனால் இழப்பு 100 சதவீதம் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே டாக்டரிடம் போகும்போது கையை மட்டும் காட்டாதீர்கள். எந்த மெஷினில் வேலை, எதைப் பிடிக்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும் என்று சொல்லுங்கள். விசாரணையிலும் அதையே சொல்லுங்கள். வழக்கின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது.

"உன் கவனக்குறைவுதானே" என்று ஓனர் சொன்னால் பயப்பட வேண்டாம். வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புக் கவசத்தைத் தெரிந்தே கழற்றுவது ஆகியவைதான் தடுக்கும். அதுவும் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இவையும் தடையாகாது. சிகிச்சைச் செலவு ஓனருடையது; அதை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய பேப்பர் செல்லாது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

முதல் நாளே அரசு மருத்துவமனையில் "வேலை செய்யும்போது பிரஸ்ஸில் அடிபட்டது" என்று சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். "வீட்டில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது" என்று சொல்லச் சொல்வார்கள், சொல்லவே சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பதிவு, ஜிபே மெசேஜ், கூட வேலை பார்த்தவரின் சாட்சி எல்லாம் உதவும். தமிழ்நாட்டில் இவ்வழக்குகளைத் தொழிலாளர் துணை ஆணையர் விசாரித்து வந்திருக்கிறார். விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் ஊரிலும் போடலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பணம் சேரவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் வட்டி சேரும்; 1923 சட்டத்தில் அது ஆண்டுக்கு 12 சதவீதமாக இருந்தது. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால், அதற்கு மேல் இழப்பீட்டில் பாதி வரை அபராதம். சேரவேண்டிய நாள் என்பது தீர்ப்பு வந்த நாள் அல்ல, விபத்து நடந்த நாள் என்பதையும் அந்தத் தச்சர் வழக்குதான் தெளிவாக்கியது.