தவளையைக் கத்த வைப்பது யார்?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மத்திய அமெரிக்கக் காடுகளில் வாழும் துங்காரா தவளையைப் பார்த்தால் இது சொல்லுக்குச் சொல் உண்மை. ஆண் தவளை இரவில் குரல் கொடுத்தால் பெண் தவளைக்கும் கேட்கும், தவளை தின்னும் வௌவாலுக்கும் கேட்கும். முதலாவது வந்தால் கல்யாணம், இரண்டாவது வந்தால் கருமாதி. ஆனாலும் கத்துகிறது. வாயை மூடிக்கொண்டு கிடக்க விடாமல் உள்ளிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது.

அந்தத் தள்ளல் மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதாலமஸில் தொடங்குகிறது. அங்குள்ள நரம்பணுக்கள் ஜிஎன்ஆர்எச் என்ற குட்டி ஹார்மோனைச் சுரக்கின்றன. பத்தே பத்து அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. 1971இல் பன்றி மூளையிலிருந்து இதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். ஷாலி, கியுமன் என்ற ஆய்வாளர்கள் இருவருக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. பல தவளைகளின் மூளையிலும் அதே பத்து அமினோ அமிலங்கள்தான், அதே வரிசையில்தான் இருக்கின்றன.

ஜிஎன்ஆர்எச், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்பும். பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை விந்தகத்தையும் சூலகத்தையும் போய்ச் சேர்ந்ததும், அங்கே கொலஸ்ட்ராலை மூலப்பொருளாக வைத்து ஸ்டீராய்டு என்ற வகை ஹார்மோன்களின் தயாரிப்பு ஆரம்பமாகிவிடும். ஆணிடம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு கூடக் கூட முன்னங்கால் தசை பருக்கும். கட்டைவிரலில் சொரசொரப்பான மெத்தை ஒன்று தடிக்கும், வழுக்கும் பெண்ணை நழுவவிடாமல் பிடிக்க. பெண்ணிடம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஸ்டீராய்டு கல்லீரலுக்குப் போய் முட்டைக்கான மஞ்சள்கருப் புரதத்தைச் செய்யச் சொல்லும். ஸ்டீராய்டு அளவு ஏறியதும் அதே ரத்தம் வழியே மூளைக்குச் செய்தி போகும்: போதும், நிறுத்து.

இந்தக் கட்டளைச் சங்கிலியை ஒரு காலத்தில் மனிதர்கள் விசித்திரமாகப் பயன்படுத்தினார்கள். கர்ப்பிணியின் சிறுநீரில் எல்எச்சைப் போலவே வேலை செய்யும் ஒரு ஹார்மோன் உண்டு. அந்தச் சிறுநீரை ஸினோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசியில் ஏற்றினால், ஒரு நாளைக்குள் அது முட்டையிட்டுவிடும். 1930களில் தொடங்கிப் பல ஆண்டுகள் பல ஆய்வகங்களில் கர்ப்பப் பரிசோதனை என்றால் இந்தத் தவளைதான்.

சரி, டெஸ்டோஸ்டிரோன் வந்துவிட்டால் தவளை கத்திவிடுமா? போதாது. வாசோடோசின் என்று இன்னொரு மூளை ஹார்மோன் உண்டு, ஒன்பது அமினோ அமிலம் கொண்டது. விந்தகம் அகற்றப்பட்ட பச்சை மரத்தவளைக்கு வாசோடோசினை மட்டும் கொடுத்தால் சத்தமே இல்லை. ஆண் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் குரல் எழும்புகிறது. ஸ்டீராய்டு நிலத்தை உழுது வைக்கிறது, வாசோடோசின் விதைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை மிக நெருக்கமாகக் காட்டிக்கொடுத்த பிராணி, வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வாழும் சொரத்தோல் நியூட். தவளையின் உறவுதான், ஆனால் வாலும் உண்டு, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். ஆண் நியூட் பெண்ணின் முதுகில் ஏறி நான்கு கால்களாலும் இறுகக் கட்டிக்கொள்ளும், மணிக்கணக்கில் விடாது. வாசோடோசின் செலுத்தினால் இந்தப் பிடி இன்னும் எளிதாக வந்துவிடும். ஆனால் மன அழுத்தத்தின் ஸ்டீராய்டான கார்டிகோஸ்டிரோனைச் செலுத்தினால் சில நிமிடங்களிலேயே ஆசை அடங்கிவிடும்.

சில நிமிடங்கள் என்பதுதான் இங்கே விஷயம். வழக்கமாக ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, மரபணுக்களை இயக்கி, புதுப் புரதம் செய்யவைத்துத்தான் வேலையைக் காட்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். நிமிடங்களில் எப்படி நடக்கும்? 1991இல் விடை வந்தது. நியூட்டின் நரம்பணுக்களின் வெளிச்சவ்விலேயே கார்டிகோஸ்டிரோனைப் பிடிக்கும் ஏற்பிகள் இருந்தன. உள்ளே போகவே வேண்டாம், வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போகலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. வாசோடோசினை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் கார்டிகோஸ்டிரோனைக் கொடுத்தால், அந்த அடக்குமுறை பலிப்பதில்லை.

இதுவரை மூளை கட்டளையிடுகிறது, விந்தகம் ஸ்டீராய்டு செய்கிறது என்று சொல்லிவந்தேன். அதிலும் ஒரு திருத்தம் தேவை. கொலஸ்ட்ராலிலிருந்து ஸ்டீராய்டைச் செய்ய மூளைக்கே தெரியும். 1981இல் பிரெஞ்சு விஞ்ஞானி போலியூ இவற்றுக்கு நியூரோஸ்டீராய்டு என்று பெயர் வைத்தார். தவளை மூளையிலும் இந்தத் தயாரிப்பு நடக்கிறது. ஜிஎன்ஆர்எச்சும் வாசோடோசினும் அதை முடுக்கிவிடுகின்றன. ஜப்பானின் செவ்வயிற்று நியூட்டில், இனப்பெருக்கக் காலம் வந்தால் ஆணின் மூளையில் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு ஒன்று கூடுகிறது, டோபமைன் என்ற மூளைச் செய்திப்பொருள் வழியாக அந்த ஆணை ஓரிடத்தில் நிற்கவிடாமல் அலையவைக்கிறது. பல தவளைகளில் இதே டோபமைன் எல்எச் சுரப்புக்குத் தடை போடும் என்பது வேடிக்கை. அதனால்தான் அருகிவரும் தவளைகளைக் காப்பகத்தில் இனம்பெருக்க வைக்க, ஜிஎன்ஆர்எச் போன்ற மருந்தோடு டோபமைனைத் தடுக்கும் மருந்தையும் கலந்து ஊசி போடுகிறார்கள்.

அந்தச் செவ்வயிற்று நியூட்டுக்குத் தவளை மாதிரி கத்திக் கூப்பிடத் தெரியாது. பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் ஆண் ஸ்டீராய்டும் சேர்ந்து அதன் வயிற்றுப்பக்கச் சுரப்பியில் மணப்பொருள் ஒன்றைச் செய்யவைக்கின்றன. அதுவும் பத்து அமினோ அமிலச் சங்கிலிதான். 1995இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் சோடெஃப்ரின் என்று பெயரிட்டார்கள், சட்டைக் கையை வீசி அழைப்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து. ஆண் பெண்ணின் முன்னால் போய் நின்று, வாலை மடித்துப் படபடவென்று அடித்து, அந்த மணம் கலந்த தண்ணீரை அவள் மூக்கை நோக்கித் தள்ளுகிறது.