பசுந்தேநீர்: ஒரு சொல்லும் அதன் சிக்கலும்

கருப்பட்டிக் காப்பிக்குப் பழகிய திருநெல்வேலிக் கடைகளிலும் இப்போது ‘கிரீன் டீ’ கேட்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் அதைச் சிலர் பச்சைத் தேநீர் என்றும், சிலர் பசுந்தேயிலை என்றும் குறிக்கிறார்கள். இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

முதலில் ‘தே’ என்பதைப் பார்ப்போம். சீனத்தில் இதற்கு எழுத்து ஒன்றுதான். ஒலிப்புதான் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. ‘சா’ என்ற ஒலிப்பின் வழியில் வந்தவை இந்தியின் ‘சாய்’, செங்கோட்டைக்கு அப்பால் கேரளத்தில் கேட்கும் ‘சாயா’ ஆகியவை. ஃபூஜியன் கரையோர மக்களின் ‘தே’ டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று ‘டீ’ ஆயிற்று. மலாயிலும் ‘தே’தான், ஈழத்தமிழர் தேத்தண்ணீர் என்கிறார்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழே மூல ஒலிக்கு நெருக்கமாக நிற்கிறது. தே + இலை என்னும் புணர்ச்சியில், ஏகாரத்தின் முன் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வரலாம் என்ற நன்னூல் விதிப்படி யகரம் தோன்றித் தேயிலை ஆனது. தேய்த்து உருட்டுவதால் தேயிலை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொல் அப்படிப் பிறக்கவில்லை.

சிக்கல் ‘பச்சை’யில் இருக்கிறது. தமிழில் அது நிறத்தை மட்டும் சொல்வதில்லை. பச்சைத் தண்ணீர், பச்சரிசி என்னும்போது சூடு படாதது என்றே பொருள். மணிமுத்தாற்றுக்கு மேலே, 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் காடு குத்தகைக்குப் போனபின் எழுந்த மாஞ்சோலைத் தோட்டங்களில் பறித்த இலைக்குக் கொழுந்து என்று பெயர். நீலகிரியிலோ சிறு விவசாயிகள் ஆலைக்கு விற்கும் அந்த ஈர இலையையே பசுந்தேயிலை என்கிறார்கள். எனவே கடைச்சரக்கையும் அதே பெயரால் அழைத்தால் குழப்பமே மிஞ்சும்.

உண்மையில் கிரீன் டீ பச்சையானதே அன்று. கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, காற்றுப்பட வைக்கிறார்கள். இலையில் உள்ள நொதி வேலைசெய்து அதைச் செம்பழுப்பாக்குகிறது. கிரீன் டீயில் அந்த நொதியைத் தொடக்கத்திலேயே சூட்டால் முடக்கிவிடுவதால்தான் நிறம் நிற்கிறது. நெல்லை அவித்தால் புழுங்கல், அவிக்காவிட்டால் பச்சை. ஜப்பானியத் தேயிலையிலோ அவித்ததுதான் ‘பச்சை’!

வகைகளின் வேறுபாடும் பெரும்பாலும் இந்தச் சூட்டிலிருந்தே தொடங்குகிறது. ஜப்பானியர் ஆவியில் அவிப்பதால், அங்கே மிகுதியாக விளையும் செஞ்சாவில் புல்லும் கடற்பாசியும் கலந்தாற்போன்ற மணம் உண்டு. சீனர் இரும்புச் சட்டியில் வாட்டுவதால், ஹாங்சோ நகரத்து லோங்சிங்கில் வறுத்த பருப்பு மணம் வருகிறது. பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பிருந்து செடிக்கு நிழற்பந்தல் இட்டு வளர்ப்பது கியோகுரோ. வெயில் குறைவதால் துவர்ப்புத் தரும் கேட்டச்சின் குறைந்து, சுவை தரும் தியானின் மிகுகிறது. அதே முறையில் வளர்த்த இலையைக் காம்பும் நரம்பும் நீக்கி மாவாக அரைத்தால் மட்சா; இதில் இலையையே குடித்துவிடுகிறோம். வறுத்த அரிசி கலந்தது கென்மைச்சா. உருண்டையாகச் சுருட்டிய கன்பவுடரில்தான் மொராக்கோவினர் புதினாத் தேநீர் போடுகிறார்கள்.

நம் வழக்கப்படி கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் செஞ்சா கசக்கும். அதற்கு 70 முதல் 80 டிகிரி போதும், கியோகுரோவுக்கு 60 கூடப் போதும். காபீன் இதிலும் உண்டு. சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறையும்.

ஆகவே குடிக்கும் நீரைப் பசுந்தேநீர் என்றும், கடையில் வாங்கும் உலர் சரக்கைப் பசுந்தேநீர் இலை என்றும் பிரித்து எழுதுவதே தெளிவு. பசுமை + தேநீர் என்பது பசுந்தழையைப் போலப் புணர்ந்தது. பசும்பாலில் உள்ள பசு வேறு, ஆதலால் யாரும் இதில் பாலைத் தேட வேண்டாம். வகைப்பெயர்களைப் பெயர்க்கத் தேவையில்லை. அல்வாவை அல்வா என்றே சொல்லி உண்ணும் ஊரில் செஞ்சாவும் மட்சாவும் அப்படியே இருக்கலாம்.