ராத்திரி போட்டோல கலர் ஏன் மாறிப்போகுது?

தெருவிளக்கு வெளிச்சத்துல எடுத்த போட்டோ முழுக்க ஆரஞ்சா வந்து நிக்கும், நேர்ல பாத்தப்போ இவ்ளோ ஆரஞ்சா தெரியலையேன்னு இருக்கும். நம்ம கண்ணும் மூளையும் வெளிச்சத்துக்கு தக்கபடி தானா சரி பண்ணிக்குது, கேமரா சென்சார் அப்படி இல்ல, மேல விழுந்த ஒளிய அப்படியே பதிஞ்சு வைக்கும்.

இந்த நிற மாற்றத்த சரி பண்றதுக்குப் பேரு தான் ஒயிட் பேலன்ஸ், அது அடிப்படைல ஒரு பெருக்கல் கணக்கு தாங்க. சாம்பல் நிறப் பொருள்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணு சேனலும் சமமா வர்ற மாதிரி ஒவ்வொண்ணையும் ஒரு எண்ணால பெருக்கறது, அவ்ளோதான். வெளிச்சத்தோட நிறத்த கெல்வின்ல சொல்வாங்க, எண் குறைய குறைய ஆரஞ்சு கூடும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், குண்டு பல்பு 2700 பக்கம், அதுல நீலம் ரொம்ப கம்மிங்கறதால நீல சேனல நிறைய ஏத்தணும், ஏத்தினா அதுல இருக்கற நாய்ஸும் (படத்துல புள்ளி புள்ளியா தெரியறது) சேந்தே ஏறும். ஆனாலும் சரி பண்ணிடலாம், ஏன்னா குண்டு பல்புல எல்லா நிறமும் கொஞ்சமாச்சும் இருக்கு.

சோடியம் விளக்கு தான் பெரிய தலைவலி. லோ பிரஷர் சோடியம் விளக்குல வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட மொத்தமும் 589 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது மஞ்சளுக்கு, பக்கத்துலயே இருக்கு, அதுக்கு கீழ நிக்கற நீல கார்ல இருந்து திரும்பி வர நீல ஒளியே கிடையாது, இல்லாதத எத்தனையால பெருக்கினாலும் வராது, அந்த மாதிரி படத்த கருப்பு வெள்ளையா மாத்தறது தான் நேர்மையான வழின்னு நான் நினைக்கறேன். ஹை பிரஷர் சோடியம் கொஞ்சம் தேவலாம், ஆனா அதுலயும் முழுசா சரியாகாது.

டியூப் லைட்டுல வேற கதை, பாதரசத்தோட 546 நானோமீட்டர் பச்சை தூக்கலா நிக்கும், கெல்வின மட்டும் மாத்திட்டு இருந்தா அது போகாது, டின்ட் ஸ்லைடர (பச்சைக்கும் மெஜந்தாங்கற ஊதா கலந்த சிவப்புக்கும் நடுவுல நிறத்த நகத்தற கட்டுப்பாடு) மெஜந்தா பக்கம் தள்ளணும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல பழைய சோக் டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவ மங்கி மங்கி எரியும், அந்த நேரத்துல நிறமும் லேசா மாறும், அதனால ஷட்டர் 1/500 செகண்ட்ல வெச்சா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு கலர்ல வரலாம், 1/100 இல்லன்னா 1/50 வைங்க.

எப்பவும் RAW ஃபார்மேட்ல (சென்சார் பதிஞ்சத அப்படியே வெச்சிருக்கற ஃபைல்) எடுங்க, அதே விளக்குக்கு கீழ கிரே கார்ட (நிறம் சரி பாக்கற சாம்பல் அட்டை) வெச்சு ஒரு ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, சிவப்பு சேனல் ஹிஸ்டோகிராம்ல (வெளிச்ச அளவு காட்டற வரைபடம்) வலது ஓரத்துல முட்டுதான்னும் பாருங்க, மஞ்சள் வெளிச்சத்துல அது தான் முதல்ல உச்சத்துக்குப் போய் விவரம் இல்லாம வெடிக்கும். ஒரே ஃப்ரேம்ல எல்இடியும் சோடியமும் கலந்து இருந்தா ஒரே ஒயிட் பேலன்ஸ் ரெண்டுக்கும் பொருந்தாது, முகத்து மேல விழற விளக்குக்கு செட் பண்ணிட்டு மிச்சத்த எடிட்டிங்ல மாஸ்க் போட்டு (அந்தப் பகுதிய மட்டும் தேர்ந்தெடுத்து) தனியா திருத்துங்க.