‘தனிநபர் தகவல்’ என்று மனு திரும்பி வந்தால்

பணியில் தமக்கு இளையவர் தமக்கு முன்பே பதவி உயர்வு பெற்றது எப்படி என்று அறிய, ஓர் அலுவலக உதவியாளர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டார். முப்பதாம் நாள் வந்த கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது: ‘கோரப்பட்டது தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)-இன்படி வழங்க இயலாது.’ மறுப்புக்கான காரணத்தையும், மேல்முறையீடு செய்ய வேண்டிய அலுவலரின் விவரத்தையும் கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும் என்கிறது பிரிவு 7(8). பிரிவு எண்ணைத் தவிர இரண்டுமே அதில் இல்லை.

2005ஆம் ஆண்டில் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இந்த 8(1)(ஜே) பிரிவு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலையே மறுக்க அனுமதித்தது. பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரச் சொன்னது. ஊழியர்மீதான குறிப்பாணை, தண்டனை, சொத்து விவரம் ஆகியவை தனிநபர் தகவல்களே என்று 2012இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்பிரிவில் இருந்த நிபந்தனைகளையே வெட்டிவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஊழியரின் வீட்டு முகவரியையும் மருத்துவச் சான்றையும் மறைப்பது நியாயம்தான். அதே திரைக்குப் பின்னால் அலுவலகம் தன் முடிவுகளையும் சேர்த்து மறைப்பதுதான் வயிற்றெரிச்சல்.

திருத்தம் தொடாமல் விட்ட பிரிவு 8(2), மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்கிறது. மனுவுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) கூறுவது உண்மையே. ஆனாலும், தகவல் வெளிவருவதில் உள்ள பொதுநலனை மனுவிலேயே இரண்டு வரிகளில் எழுதி, 8(2)-ஐக் குறிப்பிட்டுவிடுங்கள்.

மனு அடிபடும் இடம் பெரும்பாலும் அதன் சொற்களில்தான் இருக்கிறது. ‘இன்னாருடைய பணிப்பதிவேட்டின் நகல்’ என்று ஒருவர் பெயரைப் போட்டுக் கேட்டால், மறுப்புக்கு நீங்களே வழி எடுத்துக் கொடுத்தவராவீர்கள். அந்த உதவியாளர் இரண்டாம் முறை எவர் பெயரையும் எழுதாமல், முதுநிலைப் பட்டியல், பதவி உயர்வுக்குத் தேர்ந்தோர் பட்டியல், அதைத் தயாரிக்கப் பின்பற்றிய விதி, ஆணையின் நகல் ஆகியவற்றைக் கேட்டார்; தனிப்பட்ட விவரம் உள்ள பகுதியைப் பிரிவு 10-இன்படி நீக்கிவிட்டு எஞ்சியதைத் தரலாம் என்றும் எழுதினார். பிறந்த தேதிப் பத்தி கறுப்பு மையால் அடிக்கப்பட்ட பட்டியல் வந்தது. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஊழியர்களின் பெயர்ப் பட்டியலையும் மாத ஊதியத்தையும் அலுவலகமே வெளியிட வேண்டும் என்பது பிரிவு 4(1)(பி). எனவே அவற்றை ரகசியம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

‘சம்பந்தப்பட்ட ஊழியர் ஆட்சேபிக்கிறார்’ என்பது அடுத்த சாக்கு. பிரிவு 11-இன்படி, மூன்றாம் தரப்பினர் (இங்கே, அந்த ஊழியர்) ரகசியமாகக் கருதும் தகவல் என்றால், மனு கிடைத்த 5 நாட்களுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்பி, பதில் சொல்ல 10 நாள் தர வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டுமே தவிர, முடிவெடுக்க வேண்டியவர் மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர்தான். அறிவிப்பு அனுப்பாமலேயே ஆட்சேபணை இருப்பதாக எழுதுவோரும் உண்டு. ஆகவே அறிவிப்பின் தேதியைக் கேளுங்கள்.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாளும், தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாளும் அவகாசம் உண்டு. மறுத்தது சரியே என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்னும் பிரிவு 19(5)-ஐ இரண்டிலும் எழுதுங்கள். மறுப்புக் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தே அந்த 30 நாள் எண்ணப்படும் என்பதால், அஞ்சல் முத்திரை உள்ள உறையைக் கிழித்துப் போடாமல் மனு நகலோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள்.