ஜேபி சீல் குத்தினா டிவோர்ஸ் ஆகாது

"கழுத்துல கிடக்கிறது தாலியா தூக்குக்கயிறா? வாங்க, ஒரு மாசத்துல கழட்டித் தாறம்." இப்பிடி ஒரு ஃபேஸ்புக் விளம்பரத்தக் காட்டிக்கொண்டு இந்தக் கிழமையும் சட்டத்தரணியான என்னட்ட ஒரு தங்கச்சி வந்தா, காசும் கட்டி ரெண்டு பேரும் கையெழுத்தும் வச்சு ஜேபிட (சமாதான நீதவான்ட) சீல் குத்தின கடதாசியோட ரெண்டாம் கலியாணம் எழுதப் போக பதிவாளர் திருப்பி அனுப்பிப் போட்டார். அவருக்குக் கோடி புண்ணியம்.

விளம்பரம் அசிங்கம் எண்டு பலருக்குக் கோவம். 2007ல அமெரிக்காவில, சிகாகோவில ஒரு சட்ட நிறுவனம் அரைகுறை உடுப்புப் படத்தோட "வாழ்க்கை சின்னது, டிவோர்ஸ் எடுங்க" எண்டு பெரிய பலகை வச்சு ஊரே கத்திச்சு, கடைசில நகரசபை கழட்டினது அனுமதி இல்லாதபடியாத் தான். அந்த நாட்டில 1977ல வந்த தீர்ப்புக்குப் பிறகு வக்கீல்மார் விளம்பரம் போடலாம், அந்த வழக்குக்குக் காரணமான விளம்பரத்தில இருந்தது கவர்ச்சி இல்ல, சண்டையில்லாத டிவோர்ஸுக்கு 175 டொலர், கோட்டுக் கட்டணம் 20 டொலர் எண்டு வெறும் விலை. அதுல எனக்குக் கோவமே இல்ல. இங்க இலங்கையில 1988ம் ஆண்டு உயர் நீதிமன்ற நடத்தை விதிப்படி சட்டத்தரணி விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கேலாது. அப்ப உங்கட ஃபோனுல வாறவர் ஒண்டில் விதிய மீறுறவர், இல்லாட்டி சட்டத்தரணியே இல்ல.

சரி, இதத்தான் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. "ரெண்டு பேருக்கும் விருப்பம் தானே சேர்?" இல்ல! நீங்க யூடியூபில பாக்கிற ஆறு மாச சம்மத டிவோர்ஸ் இந்தியாட இந்துத் திருமணச் சட்டம், திருகோணமலைக்கு அது வராது. எங்கட பொதுச் சட்டத்தில காரணம் மூண்டு தான்: கள்ள உறவு, வேணுமெண்டே கைவிட்டுப் போறது, கலியாணம் முடிக்கேக்கயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. சம்மதம் அதுல இல்ல. கண்டியச் சட்டத்தில இருக்கு, அது கண்டியச் சிங்கள ஆக்களுக்கு. இன்னொண்டு, ரெண்டு பேரும் சேந்து பிரிஞ்சம் எண்டு எழுதிக் குடுத்தா பிறகு "அவர் என்னக் கைவிட்டுட்டார்" எண்டு எப்பிடி வழக்குப் போடுறது? அந்தக் கடதாசியே உங்களுக்கு எதிரா நிக்கும்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரங்களுக்கு அவங்கட கலியாணம், டிவோர்ஸப் பாக்கிற காதி நீதிமன்றம் இருக்கு, அங்க சட்டத்தரணிமார் நாங்க ஆஜராகவே ஏலாது, அதுக்கும் "வக்கீல் ஃபீஸ்" வாங்குற ஆக்கள் இருக்காங்க!

மாவட்ட நீதிமன்றத்தில முதல் தீர்ப்பு வந்தாலும் மூண்டு மாசம் கழிச்சுத் தான் அது முடிவாகும், அதுக்கு முதல் மறுகலியாணம் செல்லாது. ஒரு மாசக் கதைய நம்பாதீங்க. வெறுங்கடதாசில கையெழுத்து வைக்காதீங்க, காசு குடுத்தா ரிசீட் கேளுங்க, வழக்கு நம்பர் கேளுங்க, நம்பர் இல்லாட்டி வழக்கே இல்ல. வசதி இல்லாதவங்க சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்க. பிள்ளைச் செலவுக்கு டிவோர்ஸ் முடியுமட்டும் காத்திருக்க வேணாம், நீதவான் நீதிமன்றத்தில தாபரிப்பு வழக்கு இப்பவே போடலாம், தயவுசெய்து அத மட்டுமாவது பிந்தாமச் செய்யுங்க.